தோணாவை அளந்த கயிறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மண்முனைத் துறையிலேயே தொடங்கிவிடும். பாதை அக்கரையில் நின்றால் முதல் பாடம் போச்சு. எங்களுக்கு முதல் பாடம் கணிதம். 1983இல் என்னோடு ஆண்டு 10 படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கனடாவிலும் லண்டனிலும் வளரும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடத்திவிடும் மிதவை. 2014இல் அந்த இடத்தில் பாலம் திறந்துவிட்டார்கள்.

ஒரு நாள் பிந்திப் போய் வாசலில் நின்றேன். கணித சேர் ஏசவில்லை. "பாதை பிந்திட்டா மனே? சரி, நீ தினமும் கடந்து வாற தண்ணி எவ்வளவு அகலம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் என்ன, கயிறும் நாலு முளையும் எடுத்துக்கொண்டு எல்லோரையும் தோணாக் கரைக்குக் கூட்டிப்போனார். தோணா என்றால் ஒடுங்கிய நீரோடை. வாவி பெரிது, முதலில் இதை அளப்போம் என்றார். தண்ணீரில் ஒருவரும் இறங்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

அக்கரையில் ஒரு தென்னையைக் குறித்துக்கொண்டோம். அதற்கு நேரே இக்கரையில் முதல் முளை. அங்கிருந்து கரையோடு 15 மீற்றரில் இரண்டாவது, இன்னுமொரு 15 மீற்றரில் மூன்றாவது. மூன்றாவது முளையில் தண்ணீருக்கு முதுகு காட்டிச் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். செங்கோணத்துக்கு எங்கே போவது? கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டு 3, 4, 5 என்று முக்கோணியாக இழுத்துப் பிடித்தோம். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது மேசன்மார் மூலை பார்ப்பதும் இப்படித்தான். பைதகரசு தேற்றத்தை அதுவரை பாடமாக்கி வைத்திருந்த நான், அது கைக்குள் விறைத்து நிற்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிறகு நான் பின்னால் நடந்தேன். நடு முளையும் தென்னையும் ஒரே கோட்டில் தெரிந்ததும் சேர் "நில்!" என்றார். அந்த இடத்தில் நாலாவது முளை. மூன்றாவதிலிருந்து அதுவரை அளந்தால் 22 மீற்றர். "தோணா இதேயளவு அகலம்" என்றார். நாங்கள் நம்பவில்லை. மணலில் படம் கீறச் சொன்னார். முளைகளில் செங்கோணங்கள் சமம், நடுவில் குத்தெதிர்க் கோணங்கள் சமம், 15க்கு 15 சமம். கோ.கோ.ப., அதாவது கோணம், கோணம், பக்கம். இந்த மூன்றும் சமமென்றால் இரண்டு முக்கோணிகளும் ஒருங்கிசையும், ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். கொப்பியில் மாதக்கணக்காக எழுதிய அந்த மூன்று எழுத்தும் அன்று தண்ணீரைத் தாண்டி நின்றன. கடைசியில் ஒரு தோணிக்காரரிடம் கயிற்று நுனியைக் கொடுத்து அளந்தும் பார்த்தோம். 22ஐ விட ஒரு சாண்தான் கூட.

அடுத்த வருடம் தாஞ்சன் படித்தபோது அதே கரைக்குத்தான் போனோம். செங்கோண முக்கோணியில் ஒரு கோணத்துக்கு எதிர்ப்பக்கத்தை அடுத்த பக்கத்தால் வகுத்தால் வருவது தாஞ்சன். மூன்றாவது முளையில் மட்டைப் பாகைமானி வைத்துத் தென்னையைப் பார்த்தால் கரையோடு 36 பாகை. அதன் தாஞ்சன் அட்டவணையில் 0.7265. முதல் முளைக்கு 30 மீற்றர், பெருக்கினால் 21.8. படம் கீறாமல் அட்டவணையைத் திறந்தால் சேருக்குக் கோபம் வரும். இன்றுவரை நான் எந்தக் கணக்கையும் படம் இல்லாமல் தொடங்கியதில்லை.

எண்கணிதத்தில் எனக்கு மறக்காதது எளிய வட்டி. முன்மாரி வெள்ளாமைக்கு, அதாவது மழைக்கால நெல் விதைப்புக்கு, அப்பா ஒருவரிடம் 2,000 ரூபாய் வாங்கியிருந்தார், மாதம் நூற்றுக்கு 5. நூற்றுக்கு அஞ்சுதானே என்பார். சேர் தந்த வீட்டுக் கணக்கில் நான் அதைப் போட்டுப் பார்த்தேன். மாதம் 100, வருடம் 1,200, அதாவது நூற்றுக்கு 60. மூன்று வருடமாக வட்டி மட்டும் 3,600 கட்டியாயிற்று, முதல் அப்படியே நிற்கிறது. சேர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், சரி போட்டார், "அப்பாவுக்குக் காட்டு" என்றார்.

குப்பி விளக்கடியில் அப்பாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். அறுவடை முடிந்ததும் ஒரு சோடி எருமையை விற்று முதலைக் கொடுத்துக் கடனை முடித்தார். கொப்பியிலிருந்து கிழித்த அந்தத் தாள், சிவப்பு மையில் சேர் போட்ட சரியோடு, காணி உறுதி இருந்த தகரப் பெட்டிக்குள் கன காலம் கிடந்தது.