தாழ்ப்பாளில் சுற்றிய கயிறு

எங்கள் தோட்டத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் பூவைப் பற்றிக் கேட்பதில்லை, வாசல் கேட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இரும்புத் தாழ்ப்பாளில் எதற்குத் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றி வைத்திருக்கிறீர்கள், உடைந்துவிட்டதா என்பார்கள். உடையவில்லை. போன வருடம்தான் புதிதாக வாங்கினோம். கயிற்றைச் சுற்றியது நான்.

காரணம் சொல்ல வேண்டுமானால் குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்குப் பெருங்குடலில் புற்று. (வீட்டில் இன்றைக்கும் ‘வயித்து ஆபரேஷன்’ என்றுதான் சொல்கிறார்கள்.) கோவையில் அறுவை முடிந்து, ஐப்பசியில் கீமோ ஆரம்பித்தார்கள். 21 நாளைக்கு ஒரு முறை ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ட்ரிப்ஸில் ஏறும். அன்றிலிருந்து 14 நாள் காலையும் இரவும் கேப்சிடபின் மாத்திரை. பிறகு 7 நாள் ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று. முதல் ட்ரிப்ஸ் ஏறி முடிந்து கிளம்பும்போது, “ஜில்லுன்னு எதையும் தொடாதீங்க, குடிக்காதீங்க” என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். கோவை வெயிலில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது பெரிதாகப் படவில்லை. மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு எல்லாம் தாண்டி குன்னூரில் வண்டி நின்றபோது இருட்டிவிட்டது. ஒரு டீ குடிக்கலாம் என்று எழுந்து, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தேன். கரண்ட் அடித்த மாதிரி விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்தது. பயந்துபோய்க் கடையில் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், தொண்டையே அடைத்துக்கொண்டது. மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அந்த மருந்துக்கு அதுதான் குணம். நரம்புக்குக் குளிர் ஆகாமல் செய்துவிடும். சில நாளில் தணியும், அடுத்த சுற்றில் திரும்ப வரும்.

இந்த மருந்தை ஏற்றிக்கொண்டு மார்கழியில் ஊட்டியில், அதுவும் காந்தலில், குடியிருப்பதை நினைத்துப் பாருங்கள். உறைபனி விழுந்து விடிகாலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும் ஊர். குழாய், கதவுக் கொண்டி, ஸ்பூன், பால் பாக்கெட் என்று தொட்டதெல்லாம் கடித்தது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டேன். என் வீட்டுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிமாறினாள்.

நான் தோட்டக்காரன். 34 வருடம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்தவன். 1848இல் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரர் அமைக்க ஆரம்பித்த பூங்கா அது. பனிக்காலத்தில் இளஞ்செடிகளை மிலார் செடிகளைப் போட்டு மூடுவதும், வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் எங்கள் வேலை. அந்தத் தண்ணீரில் கைவிட்டு மரத்துப்போன கைதான் இது. ஆனால் கேப்சிடபின் மூன்றாவது சுற்றில் உள்ளங்கையைச் சிவக்க வைத்தது. நாலாவது சுற்றில் தோல் உரிந்தது. மண்வெட்டி பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பெல்லாம் பாம்புச் சட்டை மாதிரி கழன்று விழுந்து, பிறந்த குழந்தையின் கை போல ஆகிவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை. “என்ன அண்ணே, கையில சிமெண்ட் வேலை பாத்தீங்களா?” என்றார் கடைக்காரர். அப்புறம் கண்ணைக் காட்டி அரிசி வாங்கினேன். இந்தப் பதிவைக்கூட போனில் பேசித்தான் எழுதுகிறேன். ஹைட்ராஞ்சியா என்று சொன்னால் அது ‘ஐயர் ராஞ்சி’ என்று எழுதுகிறது, திருத்துவதற்குள் பொழுது போய்விடுகிறது.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன்.

கேத்திப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு, 12 சென்ட் இடம். ஏழெட்டுப் பேர் சேர்ந்த ஒரு சின்ன அறக்கட்டளைக்கு அந்த வீட்டம்மா இலவசமாகக் கொடுத்தார். அறக்கட்டளையை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ், பல வருடம் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். மலையிலிருந்து கோவைக்குக் கீமோவுக்கும் கரண்ட் வைக்கவும் (கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்வோம்) போய்வருகிறவர்கள், நடுவில் வீட்டை விட்டு, சொந்தக்காரர்களின் கேள்விகளை விட்டு, ஒரு மணி நேரம் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணம் அவருக்கு எடின்பரோவில் வந்ததாம். மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் என்று ஓர் அம்மா, சீனத் தோட்டங்களைப் பற்றி எழுதியவர். 1993இல் மார்பகப் புற்று திரும்பி வந்து, இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு அவர் போய் உட்கார நேர்ந்தது, சன்னல் இல்லாத ஒரு நடைபாதையில். அடுத்த நோயாளி காத்திருக்கிறாரே, அறையில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? மேகி அம்மா அதற்கப்புறமும் இரண்டு வருடத்துக்குப் பக்கம் இருந்தார். மருத்துவமனை வளாகத்திலிருந்த ஒரு பழைய குதிரைலாயத்தை நோயாளிகள் வந்து உட்காரும் வீடாக மாற்றத் திட்டம் போட்டார். 1995இல் இறந்துபோனார், 1996இல் அந்த வீடு திறந்தது. இப்போது பிரிட்டனில் இருபதுக்கு மேல் இருக்கின்றன. காசு கிடையாது, முன்பதிவு கிடையாது. நடுவில் ஒரு சமையலறை மேசை, சுற்றித் தோட்டம். “ரெஜிஸ்டர்ல பேர் எழுதச் சொல்ல மாட்டாங்க அண்ணா, டீ போட்டுக் குடிக்கச் சொல்வாங்க” என்றார் சிஸ்டர். எனக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு ஆசை. வீட்டம்மாவுக்கு ரோஜா வேண்டும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு நீரூற்று வேண்டும். இன்னொருவர் நித்தியகல்யாணி நிறைய வைக்கலாம் என்றார், “கேன்சர் மருந்தே அதுலதானே எடுக்கிறாங்க?”

நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் வேண்டாம் என்றேன். மருந்து ஆலையில் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் ரத்தக்குழாயில் ஏற்றுகிற விஷம் அது. நம் ஆட்கள் நாலு இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடுவார்கள். ‘தோட்டத்துலயே வெச்சிருந்தாங்களே’ என்பார்கள். போதாததற்கு அது வெயில் நாட்டுச் செடி, ஊட்டிப் பனியில் ஒரு ராத்திரி தாங்காது. விஷத்தைச் சொல்லியும் கேட்காதவர் பனியைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

நீரூற்றுக்குச் சிஸ்டரே மறுப்புச் சொன்னார். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், தேங்கிய தண்ணீர் சாரலாகத் தெறிப்பது அவர்களுக்கு ஆகாது. பூச்சாடியில் வைக்கும் தண்ணீருக்கும், ஈரமான தொழு உரத்தின் பூசணத்துக்கும் இதே கதைதான். அணு எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது மண்ணில் கைவைக்க வேண்டாம் என்று ஒரு விதியும் போட்டோம். மண்ணில் கைவைக்காதே என்று என்னைப் போல ஒருவன் எழுதி மாட்டியதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. நான் சொன்ன காரணம் வேறு. தண்ணீர் சலசலவென்று ஓடினால் எங்களுக்கு உட்கார முடியாது, அடிக்கடி எழுந்து ஓட வேண்டியிருக்கும். எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அப்படித்தான் பேச்சு கழிவறைக்கு வந்தது. வருகிறவரில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும், சிலர் வயிற்றில் மலப்பை கட்டியிருப்பார்கள். வெந்நீர், பிடித்து எழக் கைப்பிடி, பையையும் துணியையும் மாட்ட ஒரு கொக்கி. ஒரு செடி நடுவதற்கு முன்னால் இது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வசூலான பணத்தில் பெரும் பகுதி அதற்கே போய்விட்டது. நன்கொடை கொடுத்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “தோட்டம்னு சொன்னீங்க, பாத்ரூம் கட்டியிருக்கீங்க?” என்றார். அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, இருக்கட்டும்.

அடுத்தது மணம். நன்றாக இருக்கும்போது மணம் ஒரு சுகம். கீமோ நாட்களில் மல்லிகைச் சரம் கடந்து போனாலே குமட்டும். காந்தலில் சிறுவயதிலிருந்து தைல வாசனையில் வளர்ந்தவன் நான், ஒரு நாள் எதிர்வீட்டில் யாரோ தைலத்தழையை வேகவைத்து ஆவி பிடிக்க, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதனால் மணக்கும் லில்லி, மணக்கும் ரோஜா எல்லாம் வேண்டாம் என்றேன். தானாக வந்து மூக்கில் ஏறுகிற எதுவும் கூடாது. அதற்குப் பதில் இலையைத் தேய்த்தால் மட்டும் மணக்கிற செடிகள்: ரோஸ்மேரி, தைம், எலுமிச்சை வாசமடிக்கும் ஜெரேனியம். வேண்டுமென்றால் தொட்டு முகரலாம், வேண்டாமென்றால் அது சும்மா நிற்கும். அந்த நாட்களில் ஊசி, மாத்திரை, சாப்பாடு என்று எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்கிறார்கள். வாசனையையாவது நாம் முடிவு செய்வோமே.

வண்ணத்துக்கு ஹைட்ராஞ்சியா. எங்கள் மண் புளிப்பு மண், கேட்காமலே நீலமாகப் பூக்கும். பியூசியாவும் வைத்தோம். முதல் மாதமே ஒரு ராத்திரி இரண்டு காட்டெருமைகள் வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தன. பியூசியா, கேரட் பாத்தி, வீட்டம்மாவின் கேலா லில்லி எல்லாவற்றையும் மேய்ந்தும் மிதித்தும் தீர்த்துவிட்டன. ரோஸ்மேரியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டன போல. கீமோ எடுக்கிற காட்டெருமையாக இருக்கும் என்றார் சிஸ்டர்.

பெஞ்சு மரத்தில்தான். கல்லும் இரும்பும் எங்களுக்குக் கடிக்கும். எழுந்திருக்க இரண்டு பக்கமும் கை, சாய முதுகு. பெஞ்சைத் தெற்குப் பார்த்த கருங்கல் சுவர் முன்னால் போட்டேன், பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நாலு மணிக்கும் அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். பூங்காவில் இந்த மாதிரிச் சுவர் பக்கத்தில்தான் பனி தாங்காத செடிகளை வைப்போம். பைப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்கில் வெந்நீர். தாழ்ப்பாளில் கயிறு.

மகள் ஒரு நாள் ஓர் ஆய்வைப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், ரோஜர் உல்ரிச் என்பவர் செய்து 1984இல் வெளியிட்டது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில் 23 பேருக்குச் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. “முக்கால் நாள்தானாப்பா?” என்றாள். கோவையில் லாட்ஜில் அறை எடுத்து, துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு படுத்திருந்தவனுக்குத்தான் முக்கால் நாளின் விலை தெரியும். என் படுக்கைக்கு நேராகத் தெரிந்தது ஒரு ஏசி பெட்டியின் பின்புறம். ஒரு புறா அதில் வந்து உட்காரும். அந்தப் புறாவுக்காகக் காத்திருப்பேன்.

அதே நேரம், தோட்டத்தில் உட்கார்ந்தால் புற்று போய்விடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓர் அம்மா கரண்ட் வைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு இங்கே வந்து உட்காரலாமா என்று கேட்டார். சிஸ்டர் அவரோடு அடுத்த பஸ்ஸில் கோவைக்கே போய்விட்டு வந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். பூங்காவில் சீசன் நாட்களில் என் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பராமரிப்புக்காக மூடிய புல்தரையில் யாராவது உட்கார்ந்தால் ஊதி எழுப்புவேன். நூற்றுக்கணக்கான பேரை எழுப்பியிருப்பேன். மே மாத மலர்க்கண்காட்சிக்கு முன்னால் புல்லில் ஒரு செருப்புத் தடம் விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது. எல்லோரும் நின்று பார்த்துவிட்டு நகர்வதற்காகவே தோட்டம் போட்டுப் பழகியவன். உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது எழ முடியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

போன வாரம் மஞ்சூரிலிருந்து ஓர் அக்கா வந்தார், தலையில் ஸ்கார்ஃப், கையில் மருத்துவமனைக் கவர். பெஞ்சைப் பார்த்தார், ரோஸ்மேரியைப் பார்க்கவில்லை, ஹைட்ராஞ்சியாவையும் பார்க்கவில்லை. நேராகப் போய், நான் பத்து நாளைக்கு முன்னால் பதித்த கிக்குயு புல்லின் நடுவில் ஸ்வெட்டரை விரித்துப் படுத்துவிட்டார். இன்னும் வேர் பிடிக்காத புல். என் வாய் பழக்க தோஷத்தில் குவிந்தது. அதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

சரளைக்கல் பாதையில் நடந்தால் சத்தம் கேட்கும். பூவாளியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கப் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன்.