அட்டையில் சான் சிரோ: கட்டிய வரிசையிலேயே கட்டிப் பார்க்கிறேன்

ஐந்து மாதமாக என் மேஜையில் வேறு எதற்கும் இடமில்லை. இத்தாலியில் மிலான் நகரத்துச் சான் சிரோ கால்பந்து ஸ்டேடியம் 1:500 அளவில் அங்கே எழும்பிக்கொண்டிருக்கிறது. நடுவில் 21 செ.மீ. நீளமும் 13.6 செ.மீ. அகலமும் உள்ள பச்சைத் தாள். 105-க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான் வருகிறது. இந்த வாரம் கூரை வரை வந்துவிட்டேன். மறப்பதற்குள் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த ஸ்டேடியம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990 ஜூன் 8, இதே ஸ்டேடியத்தில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். அர்ஜென்டினாவும் கேமரூனும். நம் நேரப்படி இரவு 9:30. சித்தப்பா வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கேமரூனின் ஓமாம் பியிக் எழும்பித் தலையால் முட்டிய பந்து கோல்கீப்பர் கையில் நிற்காமல் உள்ளே நழுவியது. இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயும், மரடோனாவின் அணியைக் கேமரூன் 1-0 என்று வென்றது. வீடே அந்த கோலைப் பற்றிப் பேசியது. எனக்கு மட்டும், கேமரா மேலே திரும்பும்போதெல்லாம் தெரிந்த அந்தக் கூரைதான் கண்ணிலேயே நின்றது. அந்த ராட்சத உத்தரங்களின் நிறம் சிவப்பு என்பது வருஷங்கள் கழித்து ஒரு பத்திரிகையில் வண்ணப்படம் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இன்றைக்கு இருக்கும் வடிவத்தை அப்படியே செய்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வரைபடங்களை விரித்துப் பார்க்கப் பார்க்க எண்ணம் மாறியது. இந்த ஸ்டேடியத்தை யாரும் இடித்துவிட்டுக் கட்டவில்லை. 1926-ல் கட்டியதைச் சுற்றி 1939-ல் கட்டினார்கள். அதைச் சுற்றி 1955-ல். அதற்கும் வெளியே, அதற்கும் மேலே, 1990-ல். பெரிய கோவில்களில் கருவறையைச் சுற்றிப் பிரகாரம் பிரகாரமாக வளர்ந்து, கடைசியாக வந்த வெளிக்கோபுரம் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்குமே, அந்த மாதிரி. அப்படி வளர்ந்த ஒன்றை வெளித்தோற்றத்துக்கு மட்டும் செய்து வைக்க மனசு வரவில்லை. சரி, அவர்கள் கட்டிய வரிசையிலேயே நானும் கட்டுகிறேன், ஒவ்வொரு கட்டமும் தனியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

பொருள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1 மி.மீ. அட்டை, 5 மி.மீ. ஃபோம் போர்டு, ஸ்டீல் ஸ்கேல், கட்டர், ஃபெவிகால், உப்புத்தாள். பிளேடை மட்டும் கஞ்சப்படாமல் மாற்ற வேண்டும். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாது, பிய்க்கும். முதல் வாரம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வரைபடங்களை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்தேன். கேலரி மூன்றை வெட்டி ஒட்டிய பிறகு பச்சைத் தாளைப் பக்கத்தில் வைத்தால் பொருந்தவில்லை. அளந்து பார்த்தேன். 21 செ.மீ. இருக்க வேண்டிய கோடு 20.4 தான் இருந்தது. தாளுக்குள் அடங்கட்டும் என்று கடையில் சுருக்கி அடித்திருக்கிறார்கள். மூன்று நாள் வேலை போனது. அதிலிருந்து எந்தத் தாளை அச்செடுத்தாலும் மூலையில் 10 செ.மீ. கோடு ஒன்று போட்டுவிடுகிறேன். கையில் வாங்கியதும் ஸ்கேலை வைத்துப் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

1926-ம் ஆண்டுக் கட்டம் எளிதாகத்தான் இருந்தது. ஏசி மிலான் சங்கத்தின் தலைவராக இருந்த பியரோ பிரெல்லி முன்கையெடுத்துக் கட்டியது. வடிவமைத்தவர் உலிஸ்ஸே ஸ்டாக்கினி. மிலான் மத்திய ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான். பொறியாளர் ஆல்பெர்த்தோ குஜினி. ஓட்டப்பந்தயப் பாதை கிடையாது. கால்பந்துக்கு மட்டும் என்று, மைதானத்தை ஒட்டி நான்கு நேர் கேலரிகள், மூலைகள் திறந்தபடி. சுமார் 35,000 பேருக்கு இடம். செப்டம்பர் 19 அன்று திறப்பு விழா ஆட்டத்தில் அதே நகரத்தின் இன்னொரு அணியான இன்டர் வந்து மிலானை 6-3 என்று அடித்துவிட்டுப் போனது. அந்த இன்டருக்கும் இதுவே சொந்த மைதானமாக ஆனது 1947-ல்தான். ஓடுபாதை இல்லை என்ற அந்த முதல் முடிவு இன்று வரை மாறவில்லை. மாதிரியில் கேலரியின் முதல் படியை மைதானக் கோட்டுக்கு அவ்வளவு கிட்ட ஒட்டும்போது எனக்கே சந்தேகம் வந்து, இரண்டு தடவை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டேன்.

1935-ல் ஸ்டேடியத்தை நகரசபை வாங்கிக்கொண்டது. அப்புறம் நான்கு மூலைகளையும் வளைவாக இணைத்து, கொள்ளளவைக் கூட்டினார்கள். 1939 மே மாதம் இத்தாலியும் இங்கிலாந்தும் 2-2 என்று சமன் செய்த ஆட்டத்தோடு திறந்தார்கள். எனக்கு இது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. வளைவில் படிகளைத் தனித்தனியாக வெட்ட முடியாது. இந்த அளவில் ஒரு படி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் பிறை வடிவ அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் பின்தள்ளி ஒட்டினேன்.

என்னை உட்கார வைத்தது 1955-ம் ஆண்டுக் கட்டம். கிட்டத்தட்ட ஏழு வாரம் அதிலேயே போனது, ஒரு நாள்கூட வீண் என்று தோன்றவில்லை. அர்மாந்தோ ரோன்காவும் பொறியாளர் ஃபெர்ருச்சியோ கல்ஸோலாரியும் பழைய ஸ்டேடியத்தை உள்ளே விட்டுவிட்டு, சுற்றி இரண்டாவது அடுக்கை எழுப்பினார்கள். அதற்கு ஏறிப் போகும் சாய்தளங்கள் கட்டடத்தின் வெளிப்புறத்தையே சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் வரிவரியாகக் கோடு போட்டது போலத் தெரியும். அழகுக்கு வைத்தது என்றுதான் நானும் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஆள் நடந்து ஏறும் பாதையின் கைப்பிடிச் சுவர். ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கும்போது கட்டடத்தின் முகமே நகர்வது போல இருக்குமாம். வேலையைச் செய்யும் பொருளே அழகாகவும் அமைந்துவிட்ட கட்டடங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

முதலில் இது புரியாமல் வளையல் அடுக்குவது போலத் தட்டையான வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிவிட்டேன். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் தட்டையாக இருந்தால் யாரும் மேலே ஏற முடியாது! எல்லாவற்றையும் பிரித்தேன். இரண்டாவது தடவை, கைப்பிடிச் சுவருக்கு 3 மி.மீ. பட்டைகளைச் சாய்வாக ஒட்டினேன். அது ஒழுங்காக வந்தது. நடைபாதைத் தளம்தான் வரவில்லை. நேர்ப்பட்டையை மூலையில் வளைத்தால் அட்டை சுருக்கம் விழுந்து வெடித்தது. கடைசியில் பிடிபட்ட வழி இது: தளத்தைக் கட்டடத்தின் வடிவத்திலேயே முழு வளையமாக வெட்டி, ஒரே ஒரு இடத்தில் பிளந்து, ஸ்பிரிங்கை இழுப்பது போல ஒரு முனையை மேலேயும் மறுமுனையை கீழேயும் இழுத்து ஒட்டுவது. மூலையில் தானாகவே படிந்து உட்காருகிறது. கைப்பிடிப் பட்டைக்கு இன்னொரு விஷயம். அட்டைக்கும் மரம் போல நார் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளையும் போக்கில் பட்டையை வெட்டி, ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, கண்ணாடி பாட்டிலில் சுற்றிக் காய விட்டால் விரிசல் விழாது.

1980-ல் ஜுஸெப்பே மேயாட்ஸாவின் பெயரை வைத்தார்கள். இன்டருக்கும் மிலானுக்கும் இரண்டுக்கும் ஆடியவர். ஆனாலும் பேட்டையின் பெயரான சான் சிரோவைத்தான் ஜனங்கள் இன்னும் சொல்கிறார்கள்.

1990 உலகக் கோப்பைக்காக வந்தது மூன்றாவது அடுக்கு. கட்டடக் கலைஞர்கள் ஜன்கார்லோ ரகாத்ஸி, என்ரிகோ ஹோஃபர், பொறியாளர் லியோ ஃபின்ஸி. பழைய கட்டடத்தின் மேல் பாரம் ஏற்றாமல், வெளியே 11 கான்கிரீட் கோபுரங்களை நட்டு அவற்றின் மேல் புது அடுக்கை உட்கார வைத்தார்கள். மூலையில் உள்ள நான்கு மட்டும் இன்னும் உயர்ந்து கூரையின் உத்தரங்களைத் தாங்குகின்றன. குதிரைப் பந்தய மைதானம் ஒட்டி இருந்ததால் கிழக்குப் பக்கம் மூன்றாவது அடுக்கே கிடையாது. ஒரு பக்கம் குறைவது இந்த ஸ்டேடியத்துக்கு ஒரு தனி முகத்தைக் கொடுக்கிறது.

கோபுரங்களுக்குக் காகிதத்தை மார்க்கர் பேனா மேல் சுருட்டிக் குழலாக்கினேன். வெளிப்புற வரிகளுக்குத் தடித்த நூலைச் சுற்றி ஃபெவிகால் தண்ணீர் பூசினேன். பதினொன்றும் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கூரை உட்காராது. கொத்தனார் வைத்திருக்கும் சின்ன மூலைமட்டம் ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கம் பார்த்து ஒட்டினேன். பசை காய்ந்ததும் மூன்றாவது அடுக்கை அப்படியே தூக்கிப் பார்த்தேன். கீழே இரண்டாவது அடுக்கு அசையாமல், எதுவும் நடக்காதது போல நின்றது. வரைபடத்தில் எத்தனையோ தடவை படித்த விஷயம்தான். கையில் தூக்கியபோது உடம்பு சிலிர்த்தது.

உத்தரங்களுக்கு மூங்கில் குச்சி. நேராக வைத்தால் நடுவில் தொய்ந்தது. முக்கோணம் முக்கோணமாகக் குறுக்குக் குச்சி ஒட்டியதும் தொய்வு நின்றுவிட்டது. கூரைத் தகடு நிஜத்தில் வெளிச்சம் கசியும் பாலிகார்பனேட். நான் ஓஎச்பி ஷீட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினேன்.

கூரை வந்ததும் ஒரு சோதனை செய்து பார்க்க ஆசை வந்தது. 1990-க்குப் பிறகு சான் சிரோவின் புல் செத்துக்கொண்டே இருந்தது. மறுபடி மறுபடி புல்தரையை மாற்றினார்கள்; 2012-ல் இயற்கைப் புல்லோடு செயற்கை இழைகளைக் கலந்த தரை போட்ட பிறகுதான் நிம்மதி. உயர்ந்த அடுக்கும் கூரையும் வெயிலையும் காற்றையும் மறைத்ததுதான் காரணம் என்பார்கள். மிலான் 45 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் சுமார் 21 டிகிரிதான் ஏறும். அறையை இருட்டாக்கி, மேஜை விளக்கைத் தூரமாக வைத்து, பாகைமானியால் அதே கோணம் பிடித்தேன். 1939 வடிவத்தோடு வைத்தபோது பச்சைத் தாள் முழுக்க வெளிச்சம். இரண்டாவது அடுக்கை மாட்டியதும் தெற்கு கோல் பக்கம் நிழல் விழுந்தது. மூன்றாவதையும் கூரையையும் வைத்ததும் தாள் முழுக்க மங்கிப்போனது. அடுக்கடுக்காகக் கழற்றும்படி செய்தது இதற்காகவே என்று தோன்றியது. விளக்கை அணைக்காமல் ரொம்ப நேரம் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன்.

2025-ல் நகரசபை வாக்கெடுத்து, ஸ்டேடியத்தை மிலான், இன்டர் சங்கங்களுக்கு விற்கச் சம்மதித்தது. இத்தாலியில் பொதுச் சொத்தான கட்டடத்துக்கு 70 வயது நிறைந்தால் மரபுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்து நின்றுவிடும்; இரண்டாவது அடுக்குக்கு அந்த வயது நிறைவதற்குச் சில நாள் முன், நவம்பரில் பத்திரம் பதிவானது. பக்கத்திலேயே புது ஸ்டேடியம் கட்டிவிட்டு இதில் பெரும்பகுதியை இடிப்பது திட்டம். இரண்டு சங்கங்களுக்கும் புது இடம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனாலும் மூன்று தடவை பழையதைக் காப்பாற்றிக்கொண்டே பெரிதான கட்டடம் இது. நான்காவது தடவைக்கும் யாராவது ஒரு வழி யோசித்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

இனி நாற்காலி நிறங்கள் பாக்கி: மேற்கே சிவப்பு, கிழக்கே ஆரஞ்சு, வடக்கே பச்சை, தெற்கே நீலம். கிழக்குப் பக்க உத்தரம் இன்னும் ஒட்டவில்லை. அதற்குச் சிவப்பு பெயிண்ட் ஒரு கோட் அடித்து ஜன்னலோரம் காய வைத்திருக்கிறேன். மூங்கில் நிறம் இன்னும் கொஞ்சம் தெரிகிறது, நாளைக்கு இன்னொரு கோட் அடிக்க வேண்டும்.