480 சதுர அடி வீட்டில் மூன்று உரத்தொட்டிகள்

சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. நான், கணவர், அம்மா என்று மூன்று பேர். பால்கனி ஆறடிக்கு மூன்றடிதான், துணி காய்வதும் அங்கே, வாஷிங் மெஷின் நிற்பதும் அங்கே. இதில் சமையலறைக் கழிவை மக்கவைக்கும் உரத்தொட்டியை எங்கே வைப்பது என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சித்திரையில் ஒரு வாரம் சமையலறைக் கழிவை மட்டும் தனியாக எடுத்து எடை போட்டுப் பார்த்தேன். ஏழு நாளில் 4 கிலோ 100 கிராம். வெங்காயத் தோல், டீத்தூள், கீரைத் தண்டு, தர்பூசணித் தோல், இவ்வளவையும் நாங்கள் இத்தனை நாளும் கவரில் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்துக் குப்பை போய்ச் சேரும் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. மக்கும் குப்பை காற்றில்லாமல் அடியில் அமுங்கி அழுகினால் மீத்தேன் வரும், அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நீர்க்கோழியும் நாமக்கோழியும் வாழ்கிற இடத்தின் ஓரத்தில் என் அடுப்படிக் கழிவு கிடப்பதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

சரி, ஆரம்பித்துவிடலாம் என்று சாலையோரக் கடையில் சுமார் 20 லிட்டர் கொள்ளும் மண்தொட்டி ஒன்று வாங்கினேன். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். மண்தொட்டி ஈரத்தை உறிஞ்சும், சுவர் வழியாகக் கொஞ்சம் காற்றும் போகும், பிளாஸ்டிக் வாளியில் அது நடக்காது.

முதல் தொட்டி கெட்டுப்போனது. வெயில் காலம், வீட்டில் தினமும் தர்பூசணி, அந்தத் தோலையெல்லாம் அப்படியே போட்டு, நாற்றம் வரக்கூடாதே என்று இறுக்கமாக மூடியும் வைத்தேன். ஒன்பதாம் நாள் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்பாகத் தண்ணீர், மேலே நெளிகிற தடிமனான புழுக்கள். எதிர் வீட்டு அக்கா வந்து, "என்னம்மா, எலி ஏதாவது செத்துக் கிடக்குதா?" என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மாதான் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எங்க ஊர் எருக்குழியில சாணி ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்திப் போடுவோம். நீ வெறும் தோலாப் போட்டா ஊறித்தான் போகும்." விஷயம் அவ்வளவுதான். பச்சைக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். சருகில் கார்பன் அதிகம், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், இடையில் காற்றுக்கு வழியும் விடும். அளவுக்கு எனக்குத் தோதாக வந்தது கிண்ணக் கணக்கு: ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒன்றரைக் கிண்ணம் நொறுக்கிய சருகு.

அபார்ட்மென்ட்டில் வேப்ப மரமும் பாதாம் மரமும் இருக்கின்றன. வாட்ச்மேன் அண்ணன் தினமும் கூட்டி ஒரு மூலையில் கொளுத்திக்கொண்டிருந்தார். "அண்ணா, அதை எரிக்காதீங்க, எனக்கு வேணும்" என்று சாக்கைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் இரண்டு மூட்டை சேர்ந்துவிட்டது. பாதாம் இலை பெரிது, கையால் நொறுக்கித்தான் போட வேண்டும்.

பழைய தொட்டியைக் கொட்டிக் கிளறி, சருகு கலந்து, ஒரு டம்ளர் புளித்த மோர் தெளித்து மறுபடி நிரப்பினேன். மூடிக்குப் பதில் பழைய வேட்டித் துணியைக் கட்டினேன். மூன்றாம் நாள் நாற்றம் போய்விட்டது. புழுக்களும் மெல்லக் குறைந்தன. அவை கறுப்புப் படைவீரன் ஈ என்கிற ஈயின் புழுக்கள், கழிவைத் தின்று மக்கவைக்கிறவை, நமக்கு ஒன்றும் செய்யாது. ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிவேன். விரலிடுக்கில் ஒரு சொட்டு கசிந்தால் போதும். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், பிடியில் நிற்காமல் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர்.

அப்புறம் இன்னும் இரண்டு தொட்டி வாங்கினேன். ஒன்று நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது, மூன்றாவது நிரம்புவதற்குள் முதலாவது தயார். தேங்காய் ஓடு, மாங்கொட்டை இரண்டும் போடுவதில்லை, லேசில் மக்காது. மீந்த குழம்பும் போடுவதில்லை, எண்ணெயும் உப்பும் கெடுக்கும்.

கூடவே சின்னச் சின்னதாக வேறு சிலவும் செய்கிறோம். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கிறோம், உப்பு அதிகம் என்பதால் செடிக்கு மட்டும் ஊற்றுவதில்லை. பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் போடுகிறோம்.

ஆடியில் முதல் தொட்டியைச் சல்லடையில் சலித்தேன். மூன்றரைக் கிலோ. காபித்தூள் நிறம், கையில் ஒட்டவில்லை, மழை விழுந்த மண்ணின் வாசனை. தோல் எது, தண்டு எது என்று தெரியவில்லை, முட்டை ஓட்டுத் துணுக்கு மட்டும் அங்கங்கே வெள்ளையாக. இரண்டு கை அள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன், மிச்சத்தில் பாதியைக் கேட்டு வாங்கிப் போனவர் எதிர் வீட்டு அக்கா. அவரும் இப்போது ஒரு தொட்டி வைத்திருக்கிறார், அதனால் சருகு இரண்டு வீட்டுக்குப் பிரிகிறது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காய்ந்த இலை கிடைக்காது. அதற்குள் இன்னும் நாலு மூட்டையாவது சேர்த்துவைக்க வேண்டும். பின்தெருவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாக்கை எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம்.