விலங்கியல், சமூகப்பணி: தமிழ்நாட்டில் சேரத் தேவையான தகுதிகளும் தடுக்கி விழும் இடங்களும்

விலங்கியல் படிக்க முடியுமா முடியாதா என்பது பத்தாம் வகுப்பு முடித்து ப்ளஸ் ஒன் குரூப் எடுக்கும் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. சமூகப்பணிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ப்ளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் பி.எஸ்.டபிள்யூ. (இளநிலைச் சமூகப்பணி) சேரலாம்; எந்தப் பட்டம் வாங்கியவரும் எம்.எஸ்.டபிள்யூ. (முதுநிலைச் சமூகப்பணி) சேரலாம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர் சமூகப்பணிக்குத் தாராளமாக மாறிக்கொள்ளலாம், ஆனால் பி.எஸ்.டபிள்யூ. முடித்தவர் எம்.எஸ்சி. விலங்கியலுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இரண்டு பக்கமும் மனசு ஊசலாடும் மாணவர் உயிரியலை விட்டுவிடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். மூன்று வருடம் கழித்து முடிவை மாற்ற அது மட்டும்தான் இடம் தரும்.

பி.எஸ்சி. விலங்கியலுக்கு இரண்டு குரூப்கள் நேராகப் பொருந்தும். பயோ-மேத்ஸ் குரூப்பில் உயிரியல் ஒரே பாடம், புத்தகம் மட்டும் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு. தேர்வு ஒன்றுதான், 70 மதிப்பெண்ணில் பாதி தாவரவியலுக்கு, பாதி விலங்கியலுக்கு. பியூர் சயின்ஸ் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். எந்தக் குரூப்பில் வந்தாலும் சேர்க்கையில் வித்தியாசம் கிடையாது. முதல் பருவத்தில் பியூர் சயின்ஸ் மாணவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். கணினி அறிவியல்-கணிதக் குரூப், வணிகவியல் குரூப் படித்தவர்களுக்கு வழியில்லை. தொழிற்பிரிவில் படித்தவர்கள் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதிப் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழு 30 வாங்கிவிட்டு எழுத்துத் தேர்வில் 14 எடுத்தால் கூட்டுத்தொகை 44 வரும், ஆனாலும் தோல்விதான்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம் வழியாக, டி.என்.கேசா என்று சுருக்கமாகச் சொல்லும் தளத்தில் விண்ணப்பிக்கிறார்கள். தரவரிசை கணக்கிடும்போது ப்ளஸ் டூவின் மொத்தம் 600-ஐப் பார்ப்பதில்லை. மொழிப்பாடங்கள் இரண்டையும் கழித்து, மீதி நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். தமிழில் 98, ஆங்கிலத்தில் 95 எடுத்து மொத்தம் 510 வைத்திருப்பவர், 490 எடுத்த இன்னொருவருக்குப் பின்னால் நிற்கிற விநோதம் இதனால்தான். போன வருடக் கட்-ஆஃப்போடு ஒப்பிடும்போதும் 400-க்கான எண்ணைத்தான் எடுக்க வேண்டும். இடஒதுக்கீடு: பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அருந்ததியருக்கான 3 இதற்குள் அடங்கும்), எஸ்.டி. 1 சதவீதம். சாதிச் சான்றிதழில் உள்ள உட்பிரிவின் பெயரும் விண்ணப்பத்தில் தேர்ந்தெடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கலந்தாய்வு மேசையில் அதிகம் திருப்பி அனுப்பப்படுவது இதில்தான்.

பி.எஸ்.டபிள்யூ. பெரும்பாலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் சுயநிதிப் பிரிவுகளிலும்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. ஒரே கல்லூரியில் ஒரே பாடம் காலை ஷிப்டில் உதவி பெறும் பிரிவாகவும் மாலை ஷிப்டில் சுயநிதியாகவும் இருக்கும். பட்டத்தில் வேறுபாடு இல்லை, கட்டணத்தில் பல மடங்கு வேறுபாடு உண்டு. எந்த ஷிப்டுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரியாமலேயே சேர்ந்துவிட்டு, முதல் கட்டண ரசீது வந்ததும் விழிப்பவர்கள் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். எமிஸ் எண்ணை (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) பள்ளியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றை இ-சேவை மையத்தில் ப்ளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே எடுத்துவிடலாம். முடிவு வந்த வாரத்தில் அந்த மையங்களில் நிற்க இடமிருக்காது.

விலங்கியல் பட்டம் மூன்று வருடம், ஆறு பருவம். முதுகெலும்பற்றவை, முதுகுநாணிகள், செல் உயிரியல், மரபியல், உடலியங்கியல், கருவளர்ச்சியியல், சூழலியல், பரிணாமம், நோய்த்தடுப்பியல் இவையெல்லாம் மேஜரில் வரும். அலைடு, அதாவது துணைப் பாடங்களாகப் பெரும்பாலும் வேதியியலும் தாவரவியலும். பல்கலைக்கழகத் தேர்வு முறையில் அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75. தேர்ச்சிக்கு 40 சதவீதம், அதாவது 75-க்கு 30 எழுத்துத் தேர்விலேயே எடுத்தாக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பிரிப்பு மாறும். விலங்கியல் மாணவருக்கு அரியர் விழுவது மேஜரில் குறைவு, அலைடு வேதியியலில்தான் அதிகம். காரணம் எளிது: ப்ளஸ் டூவோடு வேதியியலுக்கு விடை கொடுத்துவிட்டோம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த அரியர் இறுதிப் பருவம் வரை இழுத்தால் மேற்படிப்புச் சேர்க்கை ஒரு வருடம் தள்ளிப்போகும்.

தவளையை அறுக்க வேண்டுமே என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2014-லேயே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) இளநிலை, முதுநிலை விலங்கியலில் உடலறுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது மாதிரிகள், படங்கள், கணினி வழிக் காட்சிகள்தான். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போவது ஸ்பாட்டரில், அதாவது மேசையில் வைத்த மாதிரியை அடையாளம் கண்டு எழுதும் பகுதியில்: பெயரை மட்டும் எழுதிவிட்டுத் தொகுதி, வகுப்பு, இரண்டு மூன்று அடையாளப் பண்புகள், பாகங்கள் குறித்த படம் ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். கையெழுத்து வாங்காத ரெக்கார்டு நோட்டோடு போனால் செய்முறைத் தேர்வறைக்குள்ளேயே விடாத கல்லூரிகள் உண்டு.

பட்டத்தின் பெயரை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. மேம்பட்ட விலங்கியலும் உயிர்த்தொழில்நுட்பமும், வனவிலங்கு உயிரியல், உயிர் அறிவியல் என்று பலவிதப் பெயர்களில் பட்டங்கள் உள்ளன. பாடத்திட்டம் நன்றாகவே இருக்கும். ஆனால் முதுநிலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எதிர்பார்ப்பது இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில், அதோடு முதுநிலையில் 50 சதவீதமும் பி.எட்.டும். வேறு பெயருள்ள பட்டம் விலங்கியலுக்கு இணையானது என்று அரசாணை இருந்தால் மட்டும் ஏற்பார்கள். சேருவதற்கு முன் துறைத் தலைவரிடம் அந்த இணைத்தன்மை அரசாணையின் எண்ணையே கேட்க வேண்டும். 'அதெல்லாம் ஈக்குவலன்ட்தான்' என்ற வாய்வார்த்தை சான்றிதழ் சரிபார்ப்பில் செல்லாது. ஆசிரியர் வேலை குறியில்லை, காட்டுயிர்தான் ஆசை என்றால் கணக்கு வேறு: மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களின் வனவிலங்கு உயிரியல் பட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம். இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதிப் பாடங்களில் விலங்கியல் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது, பி.எஸ்.டபிள்யூ. மட்டும் வைத்து அந்தத் தேர்வை எழுத முடியாது.

இனி எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடம், நான்கு பருவம். பெரும்பாலான கல்லூரிகள் ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 சதவீதம் கேட்கின்றன. சில இடங்களில் தேர்ச்சி போதும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எதில் 50 சதவீதம் என்பதில்தான் சிக்கல். பகுதி 3 என்கிற மேஜரும் அலைடும் சேர்ந்ததைச் சில கல்லூரிகள் பார்க்கும், மொழிப்பாடம் உட்பட மொத்தத்தைச் சில கல்லூரிகள் பார்க்கும். அலைடில் சறுக்கி மொழியில் நன்றாக எடுத்தவருக்கு இந்த ஒரு விதி இடத்தைக் கொடுக்கவோ பறிக்கவோ செய்யும். மதிப்பெண் பட்டியலில் சி.ஜி.பி.ஏ. மட்டும் இருந்தால் அதைச் சதவீதமாக்கும் சூத்திரம் பெரும்பாலும் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கடிதம் வாங்க வேண்டும். பத்தால் பெருக்கி நாமே எழுதிவிடக் கூடாது.

சென்னை சமூகப்பணிக் கல்லூரி (1952-இல் தொடங்கியது), லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, மதுரை சமூக அறிவியல் கல்லூரி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகம் ஆகியவை இத்துறையில் தெரிந்த பெயர்கள். நுழைவுத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் பி.ஜி. என்ற தேசிய அளவிலான முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மும்பை டாடா சமூக அறிவியல் கழகமும் 2023 முதல் அதே தேர்வின் வழியேதான் எடுக்கிறது. 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. தெரியாததைத் தொடாமல் விடும் பழக்கம் இங்கே காசு பெறும்.

நேர்காணலில் விலங்கியல் பட்டதாரியிடம் தவறாமல் கேட்கப்படுவது: ஏன் மாறுகிறீர்கள்? 'சேவை செய்யப் பிடிக்கும்' என்ற பதிலை நேர்காணல் நடத்துபவர்கள் ஒரு நாளில் நாற்பது முறை கேட்கிறார்கள். டெங்கு பரப்பும் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படித்தவர், தண்ணீர் தேக்கி வைக்க வேண்டிய நிலையில் உள்ள குடியிருப்பில் அந்தச் சுழற்சியை மருந்தடித்து மட்டும் ஏன் உடைக்க முடியாது என்று பேசினால் அது பதில். யானை வழித்தடத்தில் வாழும் விவசாயி, மரபணு நோயுள்ள குழந்தையின் பெற்றோர், மீன்பிடித் தடைக்காலக் குடும்பங்கள் என விலங்கியலும் சமூகப்பணியும் முட்டிக்கொள்ளும் இடங்கள் ஏராளம். அதோடு நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். இரண்டு வருடத்தில் 240 மணி நேரமும் ஒரு 7 நாள் சிறப்பு முகாமும் முடித்தால்தான் அது கிடைக்கும். மூன்றாம் வருடம் விழித்துக்கொண்டால் நேரம் போதாது.

சேர்ந்த பிறகு அறிவியல் மாணவர் தடுமாறுவது களப்பணியில்தான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மருத்துவமனையிலோ, தொண்டு நிறுவனத்திலோ, தொழிற்சாலையிலோ இருக்க வேண்டும். அந்த வாரமே அறிக்கை, தனிக் கலந்துரையாடல், பருவ முடிவில் வாய்மொழித் தேர்வு. இடையில் கிராம முகாம், இறுதியில் தொடர்ச்சியாக ஒரு மாத அளவில் களப் பயிற்சி. பாடத்தில் அரியர் வைத்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். களப்பணி நாள் குறைந்தால் விடுமுறையில் போய் ஈடுகட்ட வேண்டும், தவறினால் அந்தப் பருவத்தையே திரும்பச் செய்ய நேரிடும். போக்குவரத்துச் செலவு பொதுவாக மாணவருடையது, கட்டணப் பட்டியலில் அது இருக்காது. அறிக்கை எழுதும்போது 'பார்த்தேன், பதிவு செய்தேன்' என்று ரெக்கார்டு நோட்டு பாணியில் முடித்துவிடுவது விலங்கியல்காரர்களின் வழக்கமான குறை. எதிரே இருந்தவர் என்ன சொன்னார், நாம் என்ன கேட்டோம், ஏன் அப்படிக் கேட்டோம் என்பதைத்தான் மேற்பார்வையாளர் தேடுவார். ஆராய்ச்சி முறையியல் தாளில் மட்டும் நிலைமை தலைகீழ்: உயிர்ப்புள்ளியியலில் திட்ட விலக்கமும் கை-வர்க்க (chi-square) சோதனையும் போட்டுப் பழகியவருக்கு அது விடுமுறை மாதிரி.

சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது வேலையின் தகுதி விதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவம் மற்றும் மனநலப் பிரிவு மருத்துவமனைகளுக்கும் ஆலோசகர் பணிகளுக்கும் பொருந்தும். விலங்கியல் பின்னணிக்கு இயல்பாக ஒட்டுவதும் அதுதான். சமூக மேம்பாட்டுப் பிரிவினர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனங்கள் பக்கம் போவார்கள். அந்த அலகுகளில் பல இடங்கள் ஒப்பந்தப் பணி என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். மனிதவளப் பிரிவுக்குத் தொழிலாளர் நல அலுவலர் வேலை கண்ணில் தெரியும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு அவரைக் கட்டாயமாக்கியது, 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 250 ஆக்கியது. ஆனால் எல்லாக் கல்லூரியின் மனிதவளப் பட்டமும் அதற்குத் தானாகச் செல்லாது, அரசு ஏற்ற பட்டங்களின் பட்டியலில் இருக்க வேண்டும்.

விரிவுரையாளர் கனவு உள்ளவர்களுக்கு இரண்டு துறையிலும் முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. சமூகப்பணிக்கு யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தனிப் பாடம் இருக்கிறது. விலங்கியலுக்கு அங்கே இடமில்லை, சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் என்ற பெரிய தாளுக்குள் தாவரவியல், உயிர்வேதியியல் மாணவர்களோடு சேர்ந்து போட்டி போட வேண்டும். முதுநிலையில் மூலக்கூறு உயிரியலை ஒதுக்கியவர்களுக்கு அந்தத் தாள் கடினமாக இருக்கும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க முடியுமா? 2022 ஏப்ரலில் வந்த யு.ஜி.சி. வழிகாட்டுதலின்படி ஒரு பட்டத்தை நேரிலும் இன்னொன்றைத் தொலைநிலையிலும் சேர்த்துப் படிக்கலாம். பி.எஸ்சி. விலங்கியலை நேரில் படித்துக்கொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எஸ்.டபிள்யூ. சேர விதி தடுக்காது. ஆனால் தொலைநிலைப் படிப்பிலும் களப்பணி உண்டு. பகலில் ஆய்வகமும் 75 சதவீத வருகைப் பதிவும் கழுத்தில் இருக்கும்போது களத்துக்குச் சனி, ஞாயிறுதான் மிஞ்சும், அந்த நாட்களில் பல நிறுவனங்கள் திறந்திருக்காது. பி.எஸ்சி.யை முடித்துவிட்டு நேராக எம்.எஸ்.டபிள்யூ. போனால் ஐந்தே வருடத்தில் இரண்டு பட்டமும் வந்துவிடும், பத்து, ப்ளஸ் டூ, இளநிலை, முதுநிலை என்ற வரிசையும் கலையாது. அந்தச் சேர்க்கைக்கு மூன்றாம் வருட ஏப்ரலிலேயே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். ஐந்தாம் பருவம் வரையிலான மதிப்பெண் பட்டியல் போதும், ஆறாம் பருவ முடிவும் தற்காலிகச் சான்றிதழும் கல்லூரி சொல்லும் தேதிக்குள் கொடுத்தால் சரி. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் தேவை. அதற்கு விண்ணப்பித்துக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இறுதித் தேர்வு முடிந்த கையோடு கேட்டுவிடுங்கள்.