மூணாறு: ஒன்றும் செய்யாத ஒரு நாள்

போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவுகளையும் என் கணவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது வளைவில் எனக்குக் கண்ணைக் கட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, "வளைவு சுற்றுவதைவிட நீங்கள் எண்ணுவதுதான் தலையைச் சுற்றுகிறது" என்றேன். மெட்டைத் தாண்டியதும் ஏலத்தோட்டங்களின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. பூப்பாறைக்குப் பிறகு தேயிலை. மூணாறில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. இவருடைய வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு மறுநாளைக்கு மறுநாள் காலைதான் டிக்கெட் எடுத்திருந்தோம். நடுவில் கிடைத்த ஒரு நாளில் வேறு எங்கேயும் சுற்றக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசியில் உத்தரவு போட்டான். இவருக்கு வயது 68, எனக்கு 65. பிள்ளைகள் பெற்றோரை அதட்டும் பருவம் எங்களுக்கு வந்து நாளாகிவிட்டது.

இவர் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் தலைப்பு வாரியாக ஒதுக்கினால்தான் மனம் ஆறும். இரவே ஒரு தாளில் எழுதிவிட்டார்: '7 முதல் 8 வரை சிற்றுண்டி. 8 முதல் 10 வரை ஓய்வு. 10 மணிக்குச் சாயா. 10.30 முதல் 12.30 வரை ஓய்வு (படுக்கை).' நானும் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து எத்தனையோ கால அட்டவணைகள் போட்டவள்தான். பாடமே இல்லாத அட்டவணையை அன்றுதான் பார்த்தேன்.

காலை நாலரைக்கு வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. கும்பகோணத்தில் என்றால் வாசல் தெளித்து, கோலம் போட்டு, டிகாக்ஷன் இறக்கியிருப்பேன். இங்கே தெளிக்க வாசலும் இல்லை, ஃபில்டரும் இல்லை. போர்வைக்குள் படுத்தபடி, கீழே சாலையில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குள் பொறுமை போய்விட்டது. இவருடைய நான்கு கைக்குட்டைகளையும் துவைத்துவிட்டேன். அந்தக் குளிரில் அவை எங்கே காயும்? தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதன் முதுகுச் சூட்டில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காய வைத்தேன். இதற்குப் பெயர் ஓய்வு.

இவர் படுத்துக்கொண்டே பூங்காவைப் பற்றிச் சேகரித்து வந்த குறிப்புகளை உரக்கப் படித்தார். 97 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலைக்காடும். ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களம். 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அங்கேதான் இருக்கிறது. நாங்கள் பார்க்கப் போவது வரையாட்டை. சங்கப் பாட்டில் வருடை என்று வருகிறதே, அதே ஆடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கைப் பார்க்கக் கேரளத்துக்கு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறோம் என்பதில் இவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆடுகள் குட்டி ஈனும் காலத்தில் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பெரும்பாலும் அதில் போய்விடும். சித்திரை பிறந்த சமயத்தில் நாங்கள் போனதால், குட்டிகளையும் பார்க்கலாம் என்ற நப்பாசை.

பத்து மணிச் சாயாவுக்கு அறைக்கே சொல்லியிருக்கலாம். முதலில் பொறுமை இழந்தவர் இவர்தான். "கீழே கடைவரை காலாற நடந்துவிட்டு வரலாமே" என்றார். பழைய மூணாறுப் பக்கம் மெதுவாக நடந்தோம். சாலையோரம் ஜகரண்டா மரங்கள் இலையே தெரியாமல் ஊதாவாகப் பூத்திருந்தன. மேட்டில் கருங்கல்லால் கட்டிய சிஎஸ்ஐ தேவாலயம் இருக்கிறது. 1894இல் காலராவில் இறந்துபோன எலினார் நைட் என்ற இளம் வெள்ளைக்காரப் பெண்ணைத்தான் அந்தக் குன்றில் முதலில் புதைத்தார்கள். தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து, 1910இல். கல்லறையைப் பார்க்க எனக்கு ஆசைதான். படிகளை அண்ணாந்து பார்த்த இவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெஞ்சின் மறுமுனையில் ஓர் அம்மா தோட்டத்துக்குப் போகும் ஜீப்புக்காகக் காத்திருந்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு. டம்ளரில் சர்க்கரை கூடிவிட்டது என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, "தஞ்சாவூர்ப் பக்கமா?" என்றார். அவருடைய தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறியவராம். ஊர் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு முறை கோயில் கொடைக்குப் போனதுதான்.

அவர் கைகளைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் வெடிப்புக்குள் வெடிப்பாகக் கறுப்புக் கோடுகள். கொழுந்துக் கறை. கத்திரியும் பையும் வந்தது பின்னால்தான், ஆரம்பத்தில் எல்லாம் விரல்தான் என்றார். வேலையை விட்டு ஏழு வருடமாகியும் கறை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தும் பார்த்தாராம்.

"நீங்களும் ரிட்டயர்தானா?" என்று இவர் உற்சாகமாகக் கேட்டார், ஏதோ ஒரே அலுவலகத்துக்காரரைக் கண்டதுபோல.

"58 ஆனதும் அனுப்பிவிட்டார்கள். கையில் பணம் கொடுத்தார்கள், கூடவே லயத்தில் இருந்த தோட்டத்து வீட்டைக் காலி செய்யவும் சொன்னார்கள். மகன் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான், அதனால் அதே வீட்டில் இருக்கிறோம். கதவு நம்பர் அதேதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அவன் வேலையை விட்டால் வீடும் போய்விடும்."

லீவே போட்டதில்லையா என்று கேட்டேன். பிரசவத்துக்குப் போட்டதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "2015இல் 20 சதவீதம் போனஸ் கேட்டுப் பொம்பளைகள் எல்லாரும் இந்த மூணாறு ரோட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்தோமே, அதுதான் நான் எடுத்த பெரிய லீவு" என்றார். அந்தப் போராட்டத்தை நான் கும்பகோணத்தில் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே விடாமல் பெண்கள் துரத்தியது நினைவிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எந்த முகம் இந்த அம்மாவுடையது?

நாளைக்குப் பூங்காவைப் பார்க்க ராஜமலைக்குப் போகிறோம் என்று சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "அதற்கு அந்தப் பக்கம்தான் பெட்டிமுடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோன இடம். இவர் சேகரித்த குறிப்புகளில் ஆனைமுடியின் உயரம் இருந்தது, பூங்காவின் பரப்பு இருந்தது. பெட்டிமுடி இல்லை.

ஜீப் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்து, "ஆட்டைத் தேடி நடக்க வேண்டாம், ஐயாவுக்குக் கால் வேறு சரியில்லை. ரோட்டோரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள், அதுவே பக்கத்தில் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இவர் அட்டவணையை மீறி மூன்று மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்ச் சரிவில், மழையிலும் நான்கைந்து பேர் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்ததில் மாத்திரை போடும் நேரம் தவறிவிட்டது.

இரவு, முழங்கால் உறை, குடை, மாத்திரை டப்பா, ஒருவழியாகக் காய்ந்த கைக்குட்டைகள் எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தேன். இவர் கட்டிலில் சாய்ந்து அன்றைய செலவுக் கணக்கை எழுதினார். அந்த அம்மாவுக்கும் சேர்த்து இவர்தான் காசு கொடுத்திருந்தார். "நம் இரண்டு சாயா உணவுச் செலவில் வந்துவிடும். மூன்றாவதை எந்தத் தலைப்பில் எழுதுவது?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் விளக்கை அணைத்தேன்.