கூண்டிலிருந்து ஆழ்கூளத்துக்கு: முட்டைக்கோழிப் பண்ணை மாறும்போது

கூண்டைக் கைவிட்டு, தரையில் உமி, வைக்கோல் போன்ற கூளத்தைப் பரப்பிக் கோழிகளை அதன்மேல் உலவவிடும் ஆழ்கூள முறைக்கு மாறும் பண்ணைகளில் பேச்சு கொட்டகை அளவில்தான் தொடங்கும். அது எளிய பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு விதிமுறையையே நாங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம்: பயன்படும் பரப்பில் சதுர மீட்டருக்கு 9 கோழிகள், கோழிக்கு 15 செ.மீ. அமரும் கட்டை, 7 கோழிகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி, 10 கோழிகளுக்கு ஒரு நிப்பிள் (கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை).

நாங்கள் முதலில் கேட்பது, குஞ்சுகள் எங்கே வளர்ந்தன என்பதுதான். கூண்டில் வளர்ந்த கோழிக்குக் கட்டையில் ஏறத் தெரியாது. 16 வார வயதுக்குள் கொட்டகைக்குக் கொண்டுவந்து, இருட்டும் நேரத்தில் தரையில் படுத்திருப்பவற்றைத் தூக்கிக் கட்டையில் விட வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒருசில வாரங்களில் பழகிவிடும்.

அதிகம் தலைவலி தருவது தரை முட்டை. பெட்டியைவிட மூலை இருட்டாக இருந்தால் கோழி மூலையைத்தான் தேடும். ஆகவே மூலைகளில் விளக்கு வைக்கிறோம், கம்பி வலையால் அடைக்கிறோம். முட்டையிடத் தொடங்கும்வரை கூளம் மெல்லிய அடுக்காகவே இருக்கட்டும். ஆழமாகக் கொட்டினால் அதுவே கூடாகிவிடும். காலையில் அடிக்கடி நடந்து தரை முட்டைகளைப் பொறுக்க வேண்டும். ஒன்று கிடந்தால் அதன் பக்கத்திலேயே அடுத்தது விழும். விளக்கு எரிந்த முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பாலான முட்டைகள் வரும். அப்போது தொட்டியில் தீவனத்தை இழுத்துச் செல்லும் சங்கிலியை ஓட்டினால் பெட்டியிலிருக்கும் கோழி எழுந்து ஓடிவிடும். பெட்டிகளை இரவில் மூடி, விளக்கு எரியுமுன் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயே தூங்கி எச்சமிடும்.

இறகு கொத்தல் தெரிந்தால் உடனே அலகு வெட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள். அலகை வெட்டினால் காயம் குறையும், காரணம் அப்படியே இருக்கும். தீவனம் திடீரென மாறியதா, தீவனத்தில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலமோ உப்போ குறைந்ததா, கூளம் கட்டிபிடித்துக் கிளற முடியாமல் போனதா என்று பாருங்கள். வைக்கோல் கட்டுகளைத் தொங்கவிடலாம். பிற்பகலில் கொஞ்சம் தானியத்தைக் கூளத்தில் தூவினால் கோழிகளே கிளறி உலர்த்திவிடும். ரத்தக் காயம் பட்டதை அன்றே பிரித்துவிட வேண்டும்.

கூளம் நனைவதற்குப் பெரும்பாலும் ஒழுகும் நிப்பிள்தான் காரணம். நனைந்த கூளத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயுவை நின்றுகொண்டு முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அங்கே 25 பிபிஎம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) தாண்டக் கூடாது. கண் எரிந்தால், குளிர்காலமானாலும் காற்றோட்டத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

கோழியின் ரத்தத்தைக் குடிக்கும் செம்பேன் பகலில் கண்ணில் படாது. இரவில் டார்ச்சோடு கட்டைகளின் முனைகளையும் இணைப்பு இடுக்குகளையும் பார்க்க வேண்டும்.