இரண்டாவது குச்சி

2024 பெப்ரவரி 11, ஞாயிறு. விசுவமடு

உடையார்கட்டு வயலில் அறுவடை முடிந்தது. நாள் முழுவதும் முற்றத்தில் நெல்லைப் பரப்பிக் காயவிட்டு, கால்களால் கிளறிக் கிளறித் திரும்பினேன். மாலையில் உடம்பெல்லாம் சுணை. கிணற்றடியில் நின்று இடது கைக்குச் சவர்க்காரம் போடும்போது விரல்கள் தாமாகவே அந்த இடத்துக்குப் போயின. மேற்கையின் உட்பக்கத்தில், தோலுக்குக் கீழே, கவட்டைத் தடிபோல இரண்டாகப் பிரிந்து கிடக்கும் கருத்தடைக் குச்சிகள். 2020 ஆகஸ்டில், சின்னவன் பிறந்து ஆறு மாதத்தில் பொருத்தியது.

ஒன்று தட்டுப்பட்டது. மற்றது இல்லை.

கையை மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன், தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தேன். வாளித் தண்ணீர் ஆறிப் போகும்வரை தேடினேன். இல்லை.

பெப்ரவரி 12

இரவு இவருக்குச் சொன்னேன். நேற்று மூட்டை தூக்கியதால் நகர்ந்திருக்குமோ என்று கேட்டார். எனக்கும் அந்த எண்ணம்தான். அடுத்த வீட்டுப் பெரியம்மா, "எண்ணெய் போட்டு மேலிருந்து கீழாக உருவிவிட்டால் வந்துவிடும் பிள்ளை" என்று கையைப் பிடித்துவிட்டார். அவருடைய அன்பு தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். எங்கே கிடக்கிறது என்று தெரியாத ஒன்றை எந்தப் பக்கம் உருவுவது?

இந்தப் பேச்சு வேலிக்கு வெளியே போகக்கூடாது என்றும் பெரியம்மா சொன்னார். அதன் காரணமும் எனக்குத் தெரியும். 2013இல் பூநகரிப் பக்கத்துக் கரையோரக் கிராமங்களான வேரவில், கிராஞ்சி, வலைப்பாட்டில் பெண்களுக்குப் போதிய விளக்கம் கொடுக்காமல், வற்புறுத்தி இந்தக் குச்சிகளைப் பொருத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். அந்தப் பயம் வன்னிப் பெண்களின் மனத்தில் இன்னும் கிடக்கிறது. நான் கேட்டறிந்து, என் விருப்பத்தோடுதான் பொருத்தினேன். அப்படியிருந்தும் கையில் குச்சி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கே தயக்கம். தயங்கித் தயங்கித்தான் ஒருத்தி தன் உடம்பில் நடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள்.

பெப்ரவரி 13, இரவு

லண்டனில் தாதியாக இருக்கும் மச்சாளுடன் ஒரு மணிநேரம் பேசினேன். அங்கே பெரும்பாலும் பொருத்துவது ஒற்றைக் குச்சி. நெக்ஸ்பிளனான் என்று பெயர். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதற்குள் பேரியம் சல்பேட் சேர்த்திருக்கிறார்களாம். எனக்கு இருப்பது ஜடெல் என்ற இரட்டைக் குச்சி. மருந்தும் வேறு, காலமும் வேறு: இது ஐந்து ஆண்டுகளுக்கு.

இதயத்துக்குப் போய்விடுமா என்று நேராகவே கேட்டேன். மச்சாள் மழுப்பவில்லை. அந்த ஒற்றைக் குச்சி இரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரல்வரை போன சம்பவங்கள் உண்டு, அதுபற்றிப் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது, 2020இல் பொருத்தும் இடத்தையே சற்றுப் பின்னுக்கு, நரம்பும் பெரிய இரத்தக் குழாய்களும் ஓடும் பள்ளத்திலிருந்து விலக்கி மாற்றியது என்றார். "ஆனால் அது மிக மிக அரிது. கையில் தட்டுப்படாத குச்சிகளில் பெரும்பாலானவை எங்கும் போனவை அல்ல. முதல் நாளே ஆழமாக வைக்கப்பட்டவை, அல்லது பிறகு உடம்பு வைத்ததால் மறைந்தவை. நகர்ந்தாலும் பொதுவாக இரண்டு சென்டிமீற்றருக்குள்தான்." மூட்டை தூக்கியதாலா என்றதற்கு, புண் ஆறியபின் குச்சியைச் சுற்றி உடம்பே மெல்லிய உறை கட்டிப் பிடித்துக்கொள்ளும், வயல்வேலை அதைப் பிடுங்கி எறியாது என்றார்.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. 2020இல் பொருத்திய அன்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த பிறகு நானாகத் தொட்டேன். அப்போதும் ஒன்று தெளிவாகவும் மற்றது மங்கலாகவும்தான் இருந்தது. மூன்றரை ஆண்டுகள் அந்த மங்கலைப் பெரிதாக எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 14

கிளினிக் நாள். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் அக்காவிடம் போனேன். ஓரமாக அழைத்துப் போய், கையை மடக்கித் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, இரண்டு விரல் நுனிகளால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். அவசரமே இல்லை. அவருக்கும் ஒன்றுதான் தட்டுப்பட்டது.

முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. இல்லை என்று வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஆணுறைப் பொட்டலங்களை எடுத்துக் கையில் தந்து, "ஸ்கேனில் கண்ணால் காணும்வரை இந்தக் குச்சியை நம்பவேண்டாம் தங்கச்சி" என்றார். இரண்டு குச்சியும் சேர்ந்துதான் முழுப் பாதுகாப்பு. ஒன்று வெளியே வந்து விழுந்திருந்தால் மற்றது மட்டும் போதாது. இதை நான் யோசிக்கவே இல்லை. குச்சி உடம்புக்குள் எங்கே போயிற்று என்று பயந்துகொண்டிருந்தேனே தவிர, கருத்தரிக்கக்கூடும் என்ற எண்ணம் வரவில்லை.

நான் கேட்கக் கேட்க அவர் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் எழுதிவைத்தேன். குச்சி தட்டுப்படாவிட்டால், வளைந்தோ முறிந்தோ இருப்பதுபோலத் தோன்றினால், நுனி தோலை முட்டிக்கொண்டு வந்தால், அடுத்த கிளினிக் நாள் என்று பார்க்காமல் வரவேண்டும். இடம் சிவந்து வீங்கி, சூடாகி, சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே. கையிலோ விரல்களிலோ மரத்துப்போன விறைப்பு, சுரீரென்ற மின்னல் வலி, பிடிமானக் குறைவு இருந்தால் நரம்பைப் பார்க்கவேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போய் அடிவயிற்றில் கடும் வலி எடுத்தாலும் தாமதிக்கக்கூடாது, கரு குழாயில் தங்கியிருக்கலாம். திடீரென மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் வந்தால் கிளினிக்குக்கும் வரவேண்டாம், நேரே 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்கு. மாதவிலக்கு முன்னே பின்னே வருவதும் இடையில் சொட்டுப் படுவதும் இந்த மருந்தின் வழமை, குச்சி நகர்ந்ததற்கு அடையாளம் அல்ல.

பெப்ரவரி 17

இன்று கோபம் ஆறவில்லை. காட்டப்போன இடத்தில் ஒருவர், கையை விறைக்கவைத்துச் சின்னதாகக் கீறித் தேடி எடுத்துவிடலாம், ஸ்கேனெல்லாம் வீண்செலவு என்றார். இருக்கும் இடம் தெரியாமல் கத்தி வைக்கவே கூடாது என்று குடும்பநல அக்கா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தேடுகிற கத்தியே நரம்பை வெட்டிவிடும். நெல் அரிந்து, பிள்ளை தூக்கி, மாவிடித்து வாழும் கை இது. எழுந்து வந்துவிட்டேன்.

பெப்ரவரி 22

ஸ்கேனுக்காகக் காலை பஸ்ஸில் பரந்தன் வழியாகக் கிளிநொச்சி. சின்னவனைப் பெரியம்மா வைத்திருந்தார். வேலிக்கு வெளியே பேச்சுப் போகக்கூடாது என்றவர், போய்வரச் செலவுக்கென்று கையில் பணமும் வைத்தார்.

கையில் குளிர்ந்த களியைப் பூசி, அகலம் குறைந்த ஒரு கருவியை மெல்ல வைத்து நகர்த்தினார் வைத்தியர். திரையை என் பக்கம் திருப்பியும் வைத்தார். சாம்பல் நிறத்தில் படைபடையாக ஏதோ ஓடியது. பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் கீழே நேராக விழும் கறுப்பு நிழல். "இது மேலே இருப்பது." கருவி கொஞ்சம் உள்பக்கம் போனது. இன்னொரு புள்ளி, இன்னொரு நிழல், சதையின் உறையோடு ஒட்டி, ஆழத்தில்.

இருந்தது. எங்கும் போகவில்லை. வைத்தியர் நிழலைக் காட்டிக்கொண்டே இருந்தார், என் கண் கலங்கித் திரை மங்கிவிட்டது.

ஆழத்தில் இருந்தாலும் மருந்து கசியத்தான் செய்கிறதாம். ஆனாலும் அதை அங்கேயே விடாமல், ஸ்கேன் பார்த்துத் தோலில் குறிவைத்து, இதில் கைபழகிய ஒருவர் எடுப்பதே நல்லது என்று யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தந்தார். ஸ்கேனிலும் கையில் காணாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கை முழுவதும் வேறு படங்கள், பிறகு நெஞ்சு எக்ஸ்ரே என்றார்.

மார்ச் 19

ஆனையிறவைத் தாண்டும்போது உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பயம் இருந்தது, ஆனால் கிணற்றடியில் இருந்த பயம் அல்ல.

ஊசி போட்டபின் வலியில்லை, உள்ளே யாரோ இழுப்பதுபோல மட்டும். மேலே இருந்தது ஐந்து நிமிடத்தில் வந்தது. மற்றதற்கு அரை மணிநேரம் ஆனது. நடுவில் ஒருமுறை நிறுத்தி ஸ்கேனை வைத்துப் பார்த்துக்கொண்டார். எடுத்ததும் தட்டில் இரண்டையும் வைத்து எனக்குக் காட்டினார்கள். தீக்குச்சி நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிப்பு, வெளுத்த நிறம். முறிந்திருக்கிறதா என்று நானும் குனிந்து பார்த்தேன். இரண்டும் முழுசு.

மறுபடி வேண்டுமா, வேறு முறைக்கு மாறுகிறீர்களா என்று கேட்டார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. முன்பே இவரோடு பேசி முடிவெடுத்திருந்தேன். புதிய இரண்டை வலது கையில் பொருத்தினார்கள். கட்டுப் போடும் முன் தாதி என் இடது கையைப் பிடித்து அந்த இடத்துக்குக் கொண்டுபோனார். "நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்."

ஒன்று. இரண்டு. விரலுக்கு அடியில் இரண்டும் தெளிவாக உருண்டன.

மார்ச் 24

கட்டு அவிழ்த்தாயிற்று. இடது கையில் கன்றிப்போன நீலம் மஞ்சளாகிறது. 2029 மார்ச் என்று அலுமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதிவைத்தேன். அதற்குக் கீழே, மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்து அடையாளமிட ஒரு கோடு. மாலையில் பெரியம்மாவின் மருமகள் கிணற்றடிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். அவளுக்கும் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். அவளுடைய விரலையே பிடித்து வைத்தேன்.